தாத்தாவின் சவரக் கத்தி சொன்ன பாடம்

(பழம்பொருள்களைப் பாதுகாப்பது குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் கோயிலைப் பற்றிப் பேசினார்கள், தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் பெரிய விஷயங்கள். நான் பேச வந்தது சட்டைப் பையில் அடங்கிவிடும் ஒரு பொருளைப் பற்றி. அது ஒரு மடக்குச் சவரக் கத்தி. கையோடு கொண்டுவந்து காட்டலாம் என்றுதான் நினைத்தேன். வாசலில் பையைச் சோதிக்கும் பாதுகாவலரின் முகத்தை எண்ணிப் பார்த்தேன். வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்!

அந்தக் கத்தி என் தாத்தாவுடையது. அவர் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் லயன் வீடுகளுக்கு எதிரே, ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சவரம் செய்தவர். பிறகு கிள்ளான் நகரில் ஒரு கடையின் ஐந்தடியில் ஒரே ஒரு நாற்காலி போட்டுத் தொழில் செய்தார். என் அப்பா பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்து, படித்து, ரயில்வேயில் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

வீடு மாறும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் வெளியே வந்தது. உள்ளே பழந்துணியில் சுற்றிய கத்தி, வெடித்துப் போன ஒரு தோல் வார், நடுவில் குழி விழுந்த ஒரு தீட்டுக்கல். "இது யாருடையதுப்பா?" என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "உங்க தாத்தாவோடது. மூடி வை" என்றார்.

மூடி வை என்ற அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் நான் இங்கே பேசப் போகிறேன்.

நான் எழுதிய பொய்

பள்ளியில் படித்தபோது குடும்ப வரலாறு எழுதச் சொன்னார்கள். தாத்தாவின் தொழில் என்ற இடத்தில் நான் "வியாபாரம்" என்று எழுதினேன். அப்பாதான் அப்படி எழுதச் சொன்னார். அவர் சின்ன வயதில் எந்தப் பெயரால் கூப்பிடப்பட்டார் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். நாவிதர் தொழிலைக் கேலி செய்யும் பழமொழிகள் நம் மொழியில் பல உண்டு. அவற்றை இந்த மேடையில் சொல்லி இன்னொரு முறை உயிர் கொடுக்க நான் விரும்பவில்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதே சமூகத்தவர்தான் கட்டியை அறுத்து மருந்து கட்டினார்கள். வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். 'மருத்துவர்' என்ற பெயர் அந்தச் சமூகத்துக்கு இன்றும் இருப்பது அதனால்தான். பிறந்த குழந்தையைக் கையில் ஏந்தியவரும் அவர்கள் வீட்டார்தான். மணமகனுக்குச் சவரம் செய்தவரும் அவர்தான். இறந்தவருக்குக் கடைசிச் சவரம் செய்தவரும் அவர்தான். அத்தனை காரியத்துக்கும் வேண்டியவர், பந்தியில் மட்டும் தள்ளி உட்கார வேண்டியவராக இருந்தார்.

சரி, கத்திக்கு வருகிறேன்.

முதல் தவறு என்னுடையது

டின்னில் இருந்த கத்தியில் துரு ஏறியிருந்தது. வாய்ப்பகுதி நேராக இல்லை, நடுவில் உள்வாங்கியிருந்தது. ஆர்வக்கோளாறில் நான் அதை நகரில் கத்திகளுக்குச் சாணை பிடிக்கும் ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைச் சுழலும் சக்கரத்தில் வைத்தார். பொறி பறந்தது. ஒரு நிமிடத்தில் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு ஒரே மகிழ்ச்சி.

மறுநாள் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காகப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு முடிதிருத்தும் நிலையத்துக்குப் போனேன். அங்கே வயது முதிர்ந்த உரிமையாளர் ஒருவர் இருந்தார். கத்தியைக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முனைக்குப் பக்கத்தில் நகக்கண் அளவுக்கு நீலம் பூத்திருந்ததைக் காட்டினார்.

"தம்பி, இது அழகுக்கு வந்த நீலம் இல்லை. இரும்பு வெந்து போச்சு. இந்த இடத்துல இனிமே கூர் நிக்காது" என்றார்.

நேயர்களே, சவரக் கத்தி கரிமம் மிகுந்த எஃகில் செய்யப்படுவது. அதைச் சூடேற்றிக் குளிரவைத்து, மறுபடியும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். அந்தப் பதம்தான் அதன் உயிர். சக்கரத்தில் வைத்தால் மெல்லிய விளிம்பு நொடியில் கொதிக்கும். 300 பாகை செல்சியஸ் அளவுக்கு வெப்பம் ஏறினால் எஃகு நீலமாகும், பதம் இறங்கிவிடும். சாணைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இறைச்சிக் கத்தியும் தோட்டக் கத்தியும் தீட்டுகிறவர். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்த என் அறியாமையைத்தான் குறை சொல்ல வேண்டும்.

"இனி ஒன்றும் செய்ய முடியாதா ஐயா?" என்று கேட்டேன். "கெட்ட இடம் போகிற வரைக்கும் கல்லுல மெதுவா தேய்க்கணும். கத்தி கொஞ்சம் ஒடுங்கும். ஆனா பிழைச்சுக்கும். அவசரம்னா போயிடு, பொறுமைன்னா நாளைக்குக் கடை சாத்தின பிறகு வா" என்றார். போனேன். பல வாரங்கள் போனேன்.

கத்தியின் பிறப்புச் சான்று

அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது தீட்டுவதை அல்ல, படிப்பதை. கத்தியின் கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் பார்க்கச் சொன்னார். துருவுக்கு அடியில் 'சோலிங்கன், ஜெர்மனி' என்று இருந்தது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் உலகுக்குச் சவரக் கத்தி கொடுத்த ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அதற்குப் போட்டியாக எழுந்தது ஜெர்மனியின் சோலிங்கன். ஜெர்மன் பொருள்கள் ஆங்கிலேயப் பொருள்களைப் போல வேடமிட்டு விற்கப்படுகின்றன என்ற புகாரால், 1887இல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அயல்நாட்டுப் பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று குறிப்பிட வேண்டும் என்றது அந்தச் சட்டம். 'ஜெர்மனியில் செய்தது' என்ற முத்திரை அப்படித்தான் உலகப் புகழ் பெற்றது. தாழ்த்துவதற்காகக் குத்தப்பட்ட முத்திரை, சில பத்தாண்டுகளில் தரத்துக்கு அடையாளமாக மாறிவிட்டது! 1938இல் சோலிங்கன் என்ற ஊர்ப்பெயருக்கே ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

இதைக் கேட்டபோது எனக்கு என் பள்ளிக் கட்டுரை நினைவுக்கு வந்தது. ஒரு நாட்டார் தங்கள் மேல் குத்தப்பட்ட முத்திரையைப் பெருமையாக மாற்றிக்கொண்டார்கள். நாம் நம் முத்திரையை டின்னுக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டோம்.

பிழைக்குமா, பிழைக்காதா?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கத்தி இருக்கலாம். அதனால் நான் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பிலிருந்து மேல்நோக்கி மயிரிழை போல ஒரு கோடு ஓடினால் அந்தக் கத்தியைத் தீட்டக்கூடாது. பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள், முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அடுத்து, துரு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதுகிலும் உடலிலும் இருக்கும் துருவால் பெரிய கேடு இல்லை. விளிம்பை ஒட்டித் துரு குழி பறித்திருந்தால், அந்தக் குழி தேய்ந்து மறையும் வரை எஃகை இழக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, கைப்பிடி. பழைய கத்திகளில் பல செல்லுலாய்டு பிடி கொண்டவை. அந்தப் பொருள் முதுமையில் சிதைந்து, தானே ஓர் அமில ஆவியை வெளியிட்டு, மடித்து வைத்த கத்தியையே அரிக்கும். பிடி பொடிந்து, அதற்கு நேரே மட்டும் துரு இருந்தால் பிடியை மாற்றிவிடுங்கள். அது எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

துருவை எடுக்க, எண்ணெய் தடவி ஓர் இரவு விட்டு, மிக நைசான உப்புத்தாளால் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லத் தேய்க்க வேண்டும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. செந்துரு போக வேண்டும். ஆனால் அடியில் இருக்கும் சாம்பல் நிறக் கறை இருந்துவிட்டுப் போகட்டும். அது எஃகின் வயது. கண்ணாடி போலப் பளபளக்க வேண்டும் என்று தேய்த்தால் பொறித்த எழுத்து முதலில் போகும், பிறகு கத்தியே போகும். "துருவை எடு, வயசை எடுக்காதே" என்பார் பெரியவர்.

கல்லில் கூர் முன்னே, தோலில் முதுகு முன்னே

இனி தீட்டுதல். சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது சாய்வுக் கோணத்தைக் கைதான் பிடித்துக்கொள்ள வேண்டும். சவரக் கத்தியில் அந்தக் கவலை இல்லை. அதன் முதுகு தடித்தது. முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படும்படி கத்தியைப் படுக்க வைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். விளிம்பின் இரு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 16, 17 பாகை வரும். கத்தியைச் செய்தவனே அந்தக் கணக்கை அதன் உடம்பில் வைத்து அனுப்பியிருக்கிறான்.

ஆகவே கல் சமதளமாக இருக்க வேண்டும். தாத்தாவின் கல்லில் விழுந்திருந்த குழிதான் கத்தியின் வாயையும் கெடுத்தது என்று நினைக்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டுக் கல்லைத் தேய்த்து முதலில் சமப்படுத்தினோம். பிறகு 1000 எண் கல்லில் விளிம்பை அமைத்து, 4000, 8000, கடைசியாக 12000 எண் கல்லில் முடித்தோம். எண் கூடக்கூடக் கல் நைசாகும்.

கல்லில் கத்தியைத் தள்ளும்போது விளிம்பு முன்னே செல்ல வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் முதுகின் மேல் புரட்டி மறுபக்கம். அழுத்தம் கூடவே கூடாது. எல்லா இடமும் கல்லில் படுகிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. எழுதுகோல் மையை விளிம்பு நெடுகப் பூசி இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். மை அழியாத இடம் இன்னும் கல்லைத் தொடவில்லை என்று பொருள். முதல் படி முடியாமல் அடுத்த கல்லுக்குத் தாவினால் காலம்தான் வீண். அந்த முதல் படிக்கே எனக்கு மூன்று மாலைப் பொழுதுகள் ஆயின. நீலம் பூத்த இடம் தேய்ந்து மறைய இன்னும் பல நாள் ஆனது.

தோல் வாருக்கு முறை நேர் எதிர். அங்கே முதுகு முன்னே செல்ல வேண்டும், விளிம்பு பின்னால் வர வேண்டும். மாற்றி இழுத்தால் தோல் அறுந்துவிடும். முதலில் துணிப்பட்டையில், பிறகு தோலில் ஐம்பது, அறுபது இழுப்பு. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் வார் வேண்டும். கல்லோ சில மாதங்களுக்கு ஒரு முறை போதும். கல் எஃகைத் தின்னும், வார் இருக்கும் கூரை நேராக்கிச் சீர்செய்யும். அடிக்கடி கல்லுக்குப் போகிறவனுடைய கத்தி சீக்கிரம் சாகும்.

ஒரு நாள் கத்தியின் முதுகைக் கவனித்தேன். இரு புறமும் பட்டையாகத் தேய்ந்திருந்தது. முனைப்பக்கத்தைவிடக் கழுத்துப் பக்கத்தில் தேய்மானம் அதிகம். "இதையும் சரிப்படுத்தி விடலாமா ஐயா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "உங்க தாத்தா கைப்பழக்கம் அது. கழுத்துப் பக்கம் கொஞ்சம் அழுத்தித் தீட்டியிருக்கார். எத்தனை வருசத்துத் தீட்டு! அதை அழிச்சிட்டா இது கடையில வாங்கின கத்தி. விட்டு வச்சா உங்க தாத்தா கத்தி."

எனக்குத் தாத்தாவின் முகம் நினைவில் இல்லை. அவருடைய கை எப்படி அழுத்தியது என்பது அன்று தெரிந்தது. கல்லில் வைக்கும்போது முதுகு மேலும் தேயாமல் இருக்க, மின்கம்பிக்கு ஒட்டும் நாடாவை ஒரு சுற்று ஒட்டிக்கொண்டேன். அவர் விட்ட அளவிலேயே அது நிற்கட்டும்.

கடைக்குத் திரும்பாத கத்தி

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கத்தியைக் கடையில் பலருக்கும் பயன்படுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. இரத்தத்தின் வழியே பரவும் ஹெப்படைட்டிஸ் பி போன்ற நோய்கள் ஒரே கத்தியால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றலாம். மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் கண்டறியப்பட்டது. ஆளுக்கொரு புது பிளேடு போட்டு, சவரம் முடிந்ததும் எறிந்துவிடும் முறை இன்று வழக்கமாகிவிட்டது. அது நல்ல மாற்றம், திரும்பிப் போகக் கூடாது. பழைய கத்தி ஒருவருக்கு மட்டும் சொந்தமானதாக இருக்க வேண்டும். கணவன், மகன் என்று கூடப் பகிரக் கூடாது.

ஆனால் பிளேடு வந்ததும் கல் போயிற்று, வார் போயிற்று, அந்தக் கைப்பக்குவமும் போயிற்று. நாற்காலிக்கு ஆளில்லாத நிலையும் சேர்ந்துகொண்டது. முடிதிருத்தும் நிலையங்களுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தருவிப்பது 2009இல் நிறுத்தப்பட்டது. கடைக்காரர்கள் பல ஆண்டுகள் கோரிக்கை வைத்தார்கள். 2023 செப்டம்பரில், முடிதிருத்தும் நிலையம், ஜவுளி, பொற்கொல்லர் தொழில் ஆகிய மூன்று துறைகளுக்குமாகச் சேர்த்து 7,500 பேரைத் தருவிக்க அனுமதிப்பதாக அரசாங்கம் அறிவித்தது.

அரசாங்கத்திடம் கேட்டோம், சரி. நம் பிள்ளைகளிடம் கேட்டோமா? பேரங்காடிகளில் மற்ற இன இளைஞர்கள் 'பார்பர்' என்று பெரிதாகப் பெயர்ப்பலகை மாட்டி, பெருமையோடு கடை நடத்துகிறார்கள். அவர்களிடம் நம் பையன்களே வரிசையில் நின்று முடி வெட்டிக் கொள்கிறார்கள். அந்தத் தொழிலை இந்நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் செய்த நம் வீடுகளிலோ, அதைச் சொல்லவே கூச்சம். சம்பளம் குறைவு, நேரம் அதிகம் என்பதெல்லாம் உண்மையான காரணங்கள்தாம். ஆனால் கூச்சமும் ஒரு காரணம். அதற்கு எந்த அமைச்சும் அனுமதி அட்டை தர முடியாது. நாம்தான் தீர்க்க வேண்டும்.

டின்னைத் திறந்த பிறகு

கத்தி தயாரான அன்று வீட்டில் நானே சவரம் செய்துகொண்டேன். வெந்நீர்த் துணியால் முகத்தை ஊறவைத்து, கத்தியை முப்பது பாகை அளவுக்குச் சாய்த்து, தோலை இழுத்துப் பிடித்து மெதுவாக. தாடையில் ஒரு சிறு கீறல், பரவாயில்லை. அப்பா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வார் பிடிக்கிற கையைத் தளர விடாதே. தோல் தொய்ஞ்சா கூர் மழுங்கிடும்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"சின்ன வயசுல உங்க தாத்தாவுக்கு வார் மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது என் வேலைதானே" என்றார்.

அன்று இரவு அவர் பேசியதைப் போல அதற்கு முன்னால் பேசியதே இல்லை. தோட்டத்தின் பெயர், ஐந்தடிக் கடை இருந்த தெரு, தீபாவளிக்கு முன்னிரவில் நாற்காலி ஒழியாத கூட்டம், எல்லாம் சொன்னார். கேலிப் பெயரையும் சொன்னார். பல ஆண்டுகளாக மூடியிருந்தது டின் மட்டுமல்ல என்று அப்போதுதான் புரிந்தது.

நேயர்களே, நம் சீதோஷ்ணத்தில் காற்றே ஈரம். சவரக் கத்தியை ஒரு நாள் ஈரத்தோடு வைத்தால் மறுநாள் செந்துரு பூக்கும். துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, காற்றாட வைக்க வேண்டும். மூடி வைத்தால் துரு பிடிக்கும். குடும்பத்தின் கதையும் அப்படித்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா பாட்டியின் தொழிற்கருவி ஏதாவது இருக்கும். சவரக் கத்தியாக இருக்கலாம், பால் மரம் வெட்டும் கத்தியாக இருக்கலாம், சலவைப் பெட்டியாக இருக்கலாம். வெளியே எடுங்கள். அதைப் பயன்படுத்தத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். சாணைக் கடைக்கு மட்டும் முதலில் ஓடிவிடாதீர்கள், என்னைப் போல!

என் மகள் இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கும் குடும்ப வரலாறு எழுதச் சொல்லியிருந்தார்கள். கொள்ளுத்தாத்தாவின் தொழில் என்ன என்று என்னைக் கேட்டாள். நான் வாய் திறக்கும் முன்னே அப்பா பதில் சொன்னார்:

"சவரத் தொழிலாளி என்று எழுது. கத்தி வீட்டில் இருக்கிறது என்றும் எழுது."